ஸ்னோபோர்ட் அடிப்பரப்பில் வைத்த பி-டெக்ஸ் (கீறலை உருக்கி நிரப்பும் பிளாஸ்டிக்) எட்ஜ் ஓரத்தில் பெயர்கிறது: உதவி தேவை

வணக்கம். இடம் கோத்தகிரி. போர்டு 156 செ.மீ., சின்டர்டு பேஸ் (பிளாஸ்டிக் தூளைச் சூட்டில் அழுத்திச் செய்த அடிப்பரப்பு). போன பிப்ரவரியில் குல்மார்க்கில் பாறை உரசி, 6 செ.மீ. நீளம், 4 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழத்தில் கீறல். உள்ளே மரமோ ஃபைபரோ தெரியவில்லை. ஆனால் கடைசி 2 செ.மீ., போர்டின் விளிம்பில் ஓடும் இரும்புப் பட்டையான எட்ஜைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது. சிக்கலே அங்குதான்.

பிசிறுகளைக் கத்தியால் வெட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து ஒரு இரவு காயவிட்டேன். பி-டெக்ஸ் குச்சியைப் பற்றவைத்து, பேஸுக்கு மிக அருகில் பிடித்து, சுடரைச் சிறிதாக, நீலமாக வைத்துச் சொட்டவிட்டேன். சுடர் பெரிதானால் கரி கலந்து ஒட்டு பலவீனமாகிவிடும். ஆறும்போது சுருங்கும் என்பதால் மேடாகவே நிரப்பி, நன்றாக ஆறியபின் ஸ்கிரேப்பரால் சீவினேன்.

நடுப்பகுதி கல் மாதிரி நிற்கிறது. ஓரத்து 2 செ.மீ. மட்டும் சீவும்போதே நகக்கணு அளவுத் துண்டாகப் பெயர்ந்து வந்துவிட்டது. அடியில் எட்ஜ் பளபளவென்று சுத்தமாக இருந்தது. இரண்டாம் முறை, மழைக்காலக் குளிருக்காக ஹேர் டிரையரால் பேஸைச் சூடாக்கிவிட்டு வைத்தேன். அதே கதை. பி-டெக்ஸ் இரும்பில் ஒட்டாது என்பது தெரிந்ததுதான்.

ஜனவரியில் மறுபடி பனிக்குப் போக வேண்டும். எட்ஜ் ஓரத்து 2 செ.மீ.க்கு, சால்டரிங் அயர்னில் உருக்கி வைக்கும் மெட்டல் கிரிப்பை (இரும்பிலும் ஒட்டும் பிளாஸ்டிக்) அடியில் பூசி மேலே பி-டெக்ஸ் வைத்தால் நிற்குமா, இல்லை அந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எபாக்ஸியில் புதுப் பேஸ் துண்டு பதிக்கத்தான் வேண்டுமா?