ஈராக் போருக்குத் தூபம் போட்டவர்கள் எதை இழந்தார்கள்?

தெற்குவாசல்:
2003 மார்ச்சில் அமெரிக்கா ஈராக் மீது போர் தொடுத்தது. அதற்கு முன்பே, 2002 ஆகஸ்ட் 26 அன்று, அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி முன்னாள் படைவீரர்கள் மாநாட்டில் பேசினார். ஈராக் அதிபர் சதாம் உசேனிடம் பேரழிவு ஆயுதங்கள் (அணு, வேதி, உயிரி ஆயுதங்கள்) இருப்பதில் ஐயமே இல்லை என்றார். உளவு அமைப்புகள் கூடி ஈராக் பற்றிய மதிப்பீட்டு அறிக்கையை எழுதி முடித்ததோ அக்டோபரில். தீர்ப்பை எழுதிவைத்துவிட்டுச் சாட்சி தேடியிருக்கிறார்கள்.

அதைவிட என்னை வெறுக்க வைத்தது அதன் பிறகு நடந்தது. ஈராக்கைக் கட்டுக்குள் வைக்கச் சில லட்சம் வீரர்கள் தேவைப்படலாம் என்று ராணுவத் தலைமைத் தளபதி எரிக் ஷின்செகி 2003 பிப்ரவரியில் செனட் குழுவிடம் சொன்னார். இரண்டே நாளில் பாதுகாப்புத் துணைச் செயலர் பால் வுல்ஃபோவிட்ஸ் அந்தக் கணக்கைத் தூக்கியெறிந்தார். செலவு 10,000 கோடி டாலரிலிருந்து 20,000 கோடி வரை போகலாம் என்ற பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே 2002 டிசம்பரிலேயே பதவியை இழந்தார். நடந்த செலவு அவர் சொன்னதைப் போலப் பல மடங்கு.

சரியாகச் சொன்னவர்கள் கதை இது. தவறாகச் சொன்ன வுல்ஃபோவிட்ஸ் 2005இல் உலக வங்கியின் தலைவரானார். அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் இயக்குநர் ஜார்ஜ் டெனட்டும், ஈராக்கை நிர்வகிக்க அமெரிக்கா அனுப்பி, அந்நாட்டு ராணுவத்தைக் கலைத்து லட்சக்கணக்கானோரைத் துப்பாக்கியோடு தெருவில் விட்ட பால் பிரெமரும் 2004 டிசம்பரில் நாட்டின் உயரிய குடிமக்கள் விருதைப் பெற்றார்கள். இந்த அரசியல்வாதிகள் மீது இனி எதற்காக நம்பிக்கை வைக்க வேண்டும்?

கொள்ளிடம்:
கோபம் புரிகிறது நண்பரே. ஆனால் கதையின் பாதியைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் நச்சுவாயு வீசிக் குர்து மக்கள் ஏறத்தாழ 5,000 பேரைக் கொன்றது சதாமின் அரசு. 1998 முதல் நான்கு ஆண்டுகள் ஐ.நா. ஆய்வாளர்கள் உள்ளே இல்லை. அப்படிப்பட்டவரிடம் ஆயுதம் இருக்கும் என்று நினைத்தது பொய் ஆகாது. பிழை. பிழைக்கும் பொய்க்கும் வேறுபாடு உண்டு.

செனியை மட்டும் கூண்டில் ஏற்றுவதும் நியாயமில்லை. போருக்கு அனுமதி தரும் தீர்மானம் கீழவையில் 296–133, செனட்டில் 77–23 என்று நிறைவேறியது. எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளிண்டன், ஜான் கெரி, ஜோ பைடன் மூவரும் ஆதரித்தே வாக்களித்தார்கள். ஆயுதம் எதுவும் கிடைக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் 2004இல் மக்கள் அதிபர் புஷ்ஷை மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள்.

போர் வேண்டும் என்பவர்கள் எப்போதும் தவறு, வேண்டாம் என்பவர்கள் எப்போதும் சரி என்றும் இல்லை. 1994இல் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்தபோது உலகம் கைகட்டி நின்றது. அந்தப் பிணங்களுக்கு யார் பொறுப்பு?

மருதநிலவன்:
பிழை என்கிறீர்களே, பிழையைத் திருத்த வாய்ப்பே இல்லாமலா போயிற்று? 2002 நவம்பரில் ஹான்ஸ் பிளிக்ஸ் தலைமையில் ஆய்வாளர்கள் ஈராக்குக்குள் திரும்பிவிட்டார்கள். 2003 மார்ச் 7 அன்று பாதுகாப்பு அவையில் அவர் கேட்டது சில மாத அவகாசம். அதே அமர்வில் சர்வதேச அணுசக்தி முகமையின் முகமது எல்பராடி, நைஜரிலிருந்து ஈராக் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டப்பட்ட ஆவணங்கள் உண்மையானவை அல்ல என்று அறிவித்தார். அந்த யுரேனியக் கதையைத்தான் ஜனவரியில் அதிபர் நாடாளுமன்ற உரையிலேயே சொல்லியிருந்தார். இரண்டு வாரத்துக்குள் பாக்தாத் மீது குண்டு விழுந்தது. ஆவணம் போலி என்று தெரிந்த பிறகும் நிறுத்தாததைப் பிழை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

வாக்களித்தவர்களைப் பற்றியும் சொல்கிறேன். செனட் உளவுக் குழுவின் தலைவர் பாப் கிரஹாம் உளவு அமைப்புகளின் அந்த ரகசிய மதிப்பீட்டு அறிக்கையை முழுவதும் படித்தார், எதிர்த்து வாக்களித்தார், படித்துவிட்டு முடிவெடுங்கள் என்று மற்றவர்களையும் வேண்டினார். ஒரு நாட்டின் பிள்ளைகளைச் சாக அனுப்பும் முன் ஓர் அறிக்கையைப் படிப்பது பெரிய வேலையா?

கொள்ளிடம்:
பிளிக்ஸ் எப்படி உள்ளே போனார் என்று யோசியுங்கள். குவைத்தில் படை குவியத் தொடங்கியதால்தான் சதாம் கதவைத் திறந்தார். உங்களுக்குப் பிடிக்காத அந்தப் போர் மிரட்டல்தான் ஆய்வாளர்களை உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தது.

மருதநிலவன்:
ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் மிரட்டல் பலித்துவிட்டது. பலித்த பிறகு ஏன் சுட வேண்டும்? ஆய்வாளர்களை வெளியேறச் சொல்லிவிட்டுக் குண்டு போட்டவர்களுக்கு ஆய்வின் முடிவு தேவைப்படவில்லை.

நீலமலை:
நீண்ட நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒருவரைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன். வடக்குக் கரோலினா மாநிலத்திலிருந்து கீழவைக்குத் தேர்வான, புஷ்ஷின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த உறுப்பினர் வால்டர் ஜோன்ஸ். பிரான்ஸ் போரை எதிர்த்தது என்பதற்காக, நாடாளுமன்ற உணவகத்தில் பிரெஞ்சு ஃபிரைஸ் என்ற உருளைக்கிழங்கு வறுவலுக்குச் சுதந்திர வறுவல் என்று பெயர் மாற்ற வைத்தவர்களில் ஒருவர்.

மாற்றிய சில வாரங்களில், போரில் இறந்த மரைன் படை சார்ஜண்ட் ஒருவரின் இறுதிச் சடங்குக்கு அவர் போனார். தந்தை கண்ணால் பார்த்திராத இரட்டைக் குழந்தைகள். கணவர் எழுதிய கடைசிக் கடிதத்தை மனைவி அங்கே படித்தார். அன்றிலிருந்து ஜோன்ஸ் இறந்த வீரர்களின் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களில் அவரே கையெழுத்திட்டார். தன் தொகுதியிலுள்ள லெஜூன் மரைன் படை முகாமிலிருந்து போய் இறந்தவர்களின் படங்களைத் தன் அலுவலகத்துக்கு வெளியே வரிசையாக வைத்தார். வருகிறவர்கள் அந்த முகங்களைக் கடந்துதான் கதவைத் தட்ட வேண்டும். 2005இல் படைகளைத் திரும்பப் பெறக் காலவரையறை கேட்டார். கட்சி அவரை ஓரங்கட்டியது.

செனியின் நினைவுக்குறிப்புகளில் வருத்தத்தைத் தேடிப் பார்த்தேன், இல்லை. போரை ஆதரித்தவர்கள் எல்லோரும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் செத்தவன் வீட்டு வாசலுக்குப் போனவரையும் போகாதவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கொள்ளிடம்:
ஜோன்ஸை மதிக்கிறேன். ஒன்றைக் கவனியுங்கள். கட்சி ஓரங்கட்டினாலும் தொகுதி மக்கள் அவரைக் கைவிடவில்லை. 2019இல் இறக்கும்வரை தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தார்கள். ராணுவக் குடும்பங்கள் நிறைந்த தொகுதி அது. ஆகவே எல்லா அரசியல்வாதிகளையும் கைகழுவிவிடும் தெற்குவாசலின் முடிவை ஏற்க மாட்டேன். வாக்காளர் விழித்திருந்தால் இந்த அமைப்புக்குள்ளேயே திருத்தம் நடக்கும்.

தெற்குவாசல்:
எத்தனை ஆண்டுகளில் நடக்கும்? 2002இல் சதாமுக்கு எதிராகத் தந்த அதே அனுமதித் தீர்மானத்தை, சதாம் தூக்கிலிடப்பட்டு 13 ஆண்டுகள் கழித்து, 2020 ஜனவரியில் பாக்தாத்தில் ஈரானியத் தளபதி காசிம் சுலைமானியைக் கொன்றதற்குச் சட்ட ஆதாரமாக அமெரிக்க அரசு காட்டியது. அதை ரத்து செய்ய செனட் 66–30 என்று வாக்களித்தபோது 2023 மார்ச் ஆகிவிட்டது. அதற்குள் 4,400க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களும் லட்சத்தைத் தாண்டிய ஈராக்கியப் பொதுமக்களும் மண்ணுக்குள் போயிருந்தார்கள். வாக்காளர் விழிக்கட்டும் என்று காத்திருக்க அவர்களுக்கு நேரம் இல்லை, கொள்ளிடம். அடுத்த தீர்மானம் அவைக்கு வரும்போது, அறிக்கையைப் படிக்காமல் கை தூக்குகிறவரின் பதவியை அன்றே பறிக்க உங்கள் அமைப்பில் வழி இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.