மலைச் சரிவுல மியூசியம்: மேல புல் போட்டா நிலத்தோட கலந்துடுமா?

கடைசிபெஞ்ச்: ஆர்க்கிடெக்சர் கடைசி வருஷ தீசிஸ், சரிவான சைட், நிலத்தோட கரைஞ்சு போற மாதிரி ஒரு மியூசியம். மாடல் மேல பச்சைத் தூள் எல்லாம் தூவி கொண்டுபோனேன், கைடு அதை நகத்தால சுரண்டிட்டு "இப்ப என்ன தெரியுது?"ன்னாரு. பெட்டிதான் தெரிஞ்சுது 😐 பேசாம முழுசா மண்ணுக்குள்ள இறக்கிடலாமா? உள்ள இருட்டாயிடுமேன்னும் பயமா இருக்கு.

செக்‌ஷன்பைத்தியம்: சுரண்டினது நல்லதுக்குத்தான் தம்பி. பிளானை ஓரமா வச்சுட்டு செக்‌ஷன்ல (கட்டடத்தையும் நிலத்தையும் நெடுக்கா வெட்டின மாதிரி வரையற படம்) இருந்து ஆரம்பி. டென்மார்க்ல ஆர்ஹுஸ் பக்கத்துல மோஸ்கார்ட் மியூசியம் (2014) பாரு, கூரையே தரையிலேருந்து சரிவா எழும்பும், ஜனங்க அதுமேல ஏறி உக்காந்திருப்பாங்க, அங்க புல்லைச் சுரண்டினாலும் மேடுதான் மிஞ்சும். இருட்டுக்குப் பயப்படாத. ஜப்பான்ல நவோஷிமா தீவுல ஆர்க்கிடெக்ட் தடாவோ ஆண்டோ டிசைன் பண்ணின சிச்சு மியூசியம் (2004) கிட்டத்தட்ட முழுக்க பூமிக்கடியிலதான், ஆனா பிரெஞ்சு ஓவியர் மோனேயோட அல்லி ஓவியங்களை மேலேருந்து வர்ற பகல் வெளிச்சத்துல மட்டும்தான் பார்க்கணும், மேகம் வந்தா ரூமே நிறம் மாறும்.

சைட்டுக்காரன்: எல்லாம் சரி, தண்ணியைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கறீங்களே. நனைஞ்ச மண்ணு 30 செ.மீ. போட்டாலே சதுர மீட்டருக்கு 500 கிலோ தாண்டும், கூரை ஸ்லாப், தூண் எல்லாம் தடிச்சுடும். அதைவிட மோசம் பின்சுவர், மலையிலேருந்து இறங்கற தண்ணி மொத்தமும் அங்கதான் வந்து முட்டும். நான் பார்த்த ஒரு வேலையில மண்ணு ரொப்பறப்ப ஜல்லி குத்தி வாட்டர்ப்ரூஃப் ஷீட் கிழிஞ்சிருக்கு, எவனும் கவனிக்கல, ரெண்டாவது மழையில உள்பக்கம் பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பிடுச்சு. ஓட்டை ஒரு இடம், கசிவு வேற இடம், தோண்டித் தோண்டிப் பார்த்ததுதான் மிச்சம். அதனால மண்ணைத் தாங்கற சுவரும் கேலரி சுவரும் ஒண்ணா இருக்கக்கூடாது, நடுவுல ஆள் நடக்கற அளவு சந்து விடு, மலைத்தண்ணியை முன்னாடியே திருப்பிவிட மேல்பக்கம் ஒரு வெட்டு வாய்க்கால் கொடு. ஓவியம், துணி எல்லாம் ஈரத்துல பூஞ்சை பிடிச்சா முடிஞ்சுது கதை.

நடைபாதை: நான் கொஞ்சம் மாறுபடறேன். ஒளிச்சு வைக்கறது வேற, கலந்து போறது வேற. டென்மார்க்லயே லூசியானா மியூசியம் (1958), முதல்ல கட்டின பகுதியில புல்கூரையும் இல்ல புதைக்கவும் இல்ல, பழைய வீடு ஒண்ணுல ஆரம்பிச்சு மரங்களுக்கு நடுவுல கண்ணாடி நடைபாதைகளா நீண்டு கடல் பக்கம் போகும். ஜப்பான்ல ஆர்க்கிடெக்ட் ஐ. எம். பெய்யோட மிஹோ மியூசியம் (1997) பெரும்பகுதி மலைக்குள்ளதான், ஆனா எனக்கு அதுல பிடிச்சது ஒரு சுரங்கத்துக்குள்ள நடந்து வெளிய வந்தா பாலம், அதுக்கு அந்தாண்ட கூரை மட்டும் லேசா தெரியற அந்த வழிதான். உன் மியூசியத்தைப் பார்க்க வர்ற ஆளு எங்க வண்டியை விட்டு எப்படி நடந்து வர்றான்னு வரைஞ்சியா?

கடைசிபெஞ்ச்: இல்லண்ணா 🙈 பார்க்கிங்கை கட்டடத்துக்கு முன்னாடியே ஒட்டி வச்சிருக்கேன். இப்பதான் சர்வே ஷீட்டை எடுத்துப் பார்த்தேன், சைட்ல ஏழு பெரிய மரம் இருக்கு, ஒண்ணைக்கூட டிராயிங்ல போடல, ரெண்டு என் கேலரிக்கு நடுவுலயே நிக்குது. நாளைக்கு முதல்ல அதுங்களை குறிச்சுட்டு வர்றேன்.