உதவி: இன்டர்ஃபேஸை மாற்றாமல் பின்னால் ஜிஆர்பிசி வைத்தோம். திரை இழுக்கிறது, டெலிவரியும் இரண்டு முறை பதிவாகிறது

துவாஸ்_பின்தளம்

வணக்கம். சிங்கப்பூரில், துவாஸில் ஒரு கிடங்கு நிறுவனத்தில் பின்தள வேலை. எங்களிடம் பார்சல்ஸ்டோர் என்று ஒரு ஜாவா இன்டர்ஃபேஸ் (அழைக்கக்கூடிய மெத்தட்களின் பட்டியல்) ரொம்ப நாளாக இருக்கிறது. எண்களை எடு, எடை என்ன, முகவரி என்ன, டெலிவரி நேரத்தைப் பதிவு செய் என்று எல்லாம் சின்னச் சின்ன மெத்தட்கள். முன்பு ஒரே நிரலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது அந்தப் பகுதியைத் தனிச் சேவையாகப் பிரித்து, சென்னைக் குழுவின் சர்வரில் வைத்திருக்கிறோம். நடுவில் ஜிஆர்பிசி, அதாவது வேறு சர்வரில் இருக்கும் மெத்தடை வலையமைப்பு வழியே அழைக்க உதவும் கருவி (இப்படி அழைப்பதற்குப் பொதுப்பெயர் ஆர்பிசி).

இன்டர்ஃபேஸ் அப்படியே இருக்கட்டும், அதன் பின்னால் மட்டும் ஆர்பிசி அழைப்பு போகட்டும் என்பதுதான் திட்டம். அழைக்கும் பக்கத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சை. நேரடியாக ஓடவிட்டதும் இரண்டு தொல்லை. 200 பார்சல் காட்டும் காலைப் பட்டியல் திறக்க எட்டு, பத்து நொடி ஆகிறது. அதைவிட மோசம், சில டெலிவரிகள் இரண்டு முறை பதிவாகின்றன. ஒரே புளோக்குக்கு ஒரே பார்சலுக்காக இரண்டு வேன் போய் நின்றது. லாக்கில் பார்த்தால் டெட்லைன் எக்ஸீடட், உடனே மறுமுயற்சி, அது வெற்றி.

பின்னால் இருப்பது உள்ளூரா தொலைவா என்று அழைப்பவருக்குத் தெரியாமலே இரண்டும் சரியாக ஓடுகிற மாதிரி இன்டர்ஃபேஸை எப்படி வடிவமைப்பது?

ஈசூன்_இரவுப்பணி

உங்கள் கடைசி வரியை மாற்றிக் கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். எந்த நெறிமுறையில் பேசுகிறது, எந்த முகவரியில் இருக்கிறது என்பதை மறைக்கலாம். தொலைவில் இருக்கிறது என்பதையே மறைக்கப் போனால் இப்படித்தான் வந்து நிற்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இங்கிருந்து சென்னை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,900 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். போய்வர 29 மில்லிநொடி என்பது இயற்பியல் போட்ட அடிமட்டம், எந்த மேகக்கணி நிறுவனத்துக்குப் பணம் கட்டினாலும் அதற்குக் கீழே இறங்காது. கேபிள் நேராகவும் ஓடுவதில்லை, நடுவில் ரவுட்டர்கள் வேறு. அழைப்புக்கு 40 என்று வையுங்கள். 200 பார்சலுக்கு வரிசையாக 200 அழைப்பு, 8 நொடி. உங்கள் திரை சொல்வதும் அதுதானே?

கோப்பிக்கடையில் பத்துப் பேர் உட்கார்ந்துகொண்டு ஆளாளுக்குத் தனித்தனியாக கவுண்டருக்கு எழுந்து போனால் என்ன ஆகும், அதே கதை. ஒருவர் போய் மொத்தமாகச் சொல்லிவிட்டு வரவேண்டும். எடை, முகவரி என்ற துண்டு மெத்தட்களைத் தூக்கிவிட்டு, அந்தத் திரைக்கு என்ன தேவையோ அதையே ஒரு மெத்தடாக்குங்கள்: கிடங்கும் தேதியும் கொடுத்தால் அன்றைய பட்டியல் முழுதும் ஒரே பதிலில் வரவேண்டும்.

இது புதுச் சிக்கலும் இல்லை. 1994-லேயே சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜிம் வால்டோவும் சகாக்களும் இதைத் தெளிவாக எழுதிவிட்டார்கள்: தாமதம், நினைவக அணுகல், பாதி மட்டும் பழுதாவது, ஒரே நேர இயக்கம் இந்த நான்கிலும் உள்ளூர்ப் பொருளும் தொலைதூரப் பொருளும் ஒன்றாக நடந்துகொள்ளாது. ஜாவாவின் சொந்தத் தொலை அழைப்பு வசதியான ஆர்எம்ஐயில் ஒவ்வொரு தொலை மெத்தடும் ரிமோட்எக்ஸெப்ஷன் என்ற பிழையை அறிவித்தே ஆகவேண்டும் என்று வைத்ததும் இந்த எண்ணத்தில்தான். அன்று எல்லோரும் அதைத் திட்டினோம்.

பொத்தோங்_பாசிர்_பையன்

ப்ரோ, எதற்கு இவ்வளவு? இயக்கு(செயலின் பெயர், ஜேசான்) என்று ஒரே மெத்தட் வைத்துவிடுங்கள். அதற்கு மேல் அப்ஸ்ட்ராக்டாக எதுவும் இருக்க முடியாது. நாளைக்கு என்ன சேர்த்தாலும் இன்டர்ஃபேஸ் மாறாது.

ஈசூன்_இரவுப்பணி

மாறாதுதான், ஏனென்றால் அதில் ஒன்றுமே இல்லை. என்ன அனுப்பலாம், என்ன திரும்பும், எது தவறலாம் என்பதெல்லாம் யாரோ ஒருவர் தலைக்குள் போய்விடும். கம்பைலர் பிடிக்கவேண்டிய எழுத்துப்பிழையை இரவு இரண்டு மணிக்கு நான் பிடிக்கவேண்டியிருக்கும். வேண்டாம் தம்பி.

கிளமெண்டி_அக்கா

இரட்டைப் பதிவு பற்றி நான் சொல்கிறேன், அதுதான் காசு போகிற இடம்.

டெட்லைன் எக்ஸீடட் என்றால் வேலை நடக்கவில்லை என்று பொருள் கிடையாது. குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை, அவ்வளவுதான். சர்வர் அங்கே நிதானமாகப் பதிவு செய்து முடித்திருக்கலாம். 1984-இல் ஜெராக்ஸ் பார்க்கில் பிரெல்லும் நெல்சனும் ஆர்பிசி பற்றி எழுதியபோதே இதைச் சொல்லிவிட்டார்கள்: அழைப்பு ஒழுங்காகத் திரும்பினால் செயல் சரியாக ஒரு முறை நடந்தது. பிழை வந்தால் ஒரு முறை நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம், எது என்று அழைத்தவருக்குத் தெரியாது. இன்றைக்கும் அதே நிலைதான்.

ஆகவே பதிவு செய்யும் மெத்தடில் கோரிக்கை எண் என்று ஒரு கட்டாய அளவுருவைச் சேருங்கள். ஒரு யுயுஐடி (வேறெதனோடும் மோதாத நீண்ட அடையாள எண்) போதும். அது எங்கே உருவாகிறது என்பதுதான் முக்கியம். ஊழியர் பொத்தானை அழுத்தும்போது உருவாகவேண்டும், மறுமுயற்சிச் சுழலுக்கு வெளியே. சுழலுக்குள் வைத்தால் ஒவ்வொரு முயற்சியும் புதுக் கோரிக்கையாகத்தான் தெரியும். சர்வர் பக்கம் அந்த எண்ணுக்கு யூனிக் கட்டுப்பாடு (அதே எண் இரண்டாம் முறை சேராது) போட்டு, டெலிவரிப் பதிவும் அதுவும் சேர்ந்தே நடக்கும்படி ஒரே டிரான்ஸாக்‌ஷனில் போகட்டும். இரண்டாம் முறை அதே எண் வந்தால் பழைய பதிலையே திருப்பி அனுப்புங்கள், பிழை அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. நாம் சொல்லாவிட்டால் ஜிஆர்பிசி எந்த டெட்லைனும் வைக்காது. உங்கள் நிரலில் யாரோ ஒரு எண்ணை எழுதியிருக்கிறார்கள், அது எங்கே என்று தேடுங்கள். இரட்டைப் பதிவுக்குப் பயந்து அதை எடுத்துவிடவும் வேண்டாம், அப்புறம் திரை முடிவில்லாமல் தொங்கும். எவ்வளவு நேரம் காத்திருக்கத் தயார் என்பது அழைப்பவருக்குத்தான் தெரியும், அதனால் அதுவும் இன்டர்ஃபேஸில் தெரியட்டும்.

துவாஸ்_பின்தளம்

நன்றி அக்கா, லாக்கில் நீங்கள் சொன்ன மாதிரியேதான் இருக்கிறது: முதல் முயற்சி சென்னையில் முழுதாக முடிந்திருக்கிறது. அப்படியென்றால் பார்சல்ஸ்டோரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஜிஆர்பிசி உருவாக்கித் தரும் அழைப்பு வகுப்பான ஸ்டப்பையே எல்லா இடத்திலும் நேராகப் பயன்படுத்தலாமா?

கிளமெண்டி_அக்கா

கூடாது. சொந்த இன்டர்ஃபேஸ் இருக்கட்டும், அதன் வடிவம்தான் மாறவேண்டும். புரோட்டோ வகைகள் (ஜிஆர்பிசி செய்திகளை விவரிக்கும் கோப்பிலிருந்து உருவாகுபவை) அதற்குள் எட்டிப் பார்க்கக் கூடாது, உங்கள் பார்சல், உங்கள் பட்டியல் மட்டும். ஸ்டப்பை அழைத்து அந்த வகைகளை மாற்றித் தரும் வேலையை ஒரு சின்ன அடாப்டர் வகுப்பு பார்த்துக்கொள்ளும்.

பிழைகளையும் அந்த அடாப்டரில் உங்கள் மொழிக்கு மாற்றுங்கள். ஜிஆர்பிசியில் ஓகே போக 16 நிலைக் குறியீடுகள் உண்டு. உங்கள் திரைக்கு அத்தனையும் எதற்கு? மூன்று போதும்: அப்படி ஒரு பார்சல் இல்லை, இந்த நேரம் ஏற்கப்படவில்லை, நடந்ததா இல்லையா தெரியவில்லை. இந்த மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். உள்ளூர் இன்டர்ஃபேஸில் அதற்கு இடமே கிடையாது, தொலை அழைப்பில் அதுதான் முதல் கேள்வி. அது வந்தால் ஊழியருக்குத் தோல்வி என்று காட்டாமல் ‘சரிபார்க்கிறோம்’ என்று காட்டி, அதே கோரிக்கை எண்ணோடு மறுபடி அனுப்புங்கள்.

டெஸ்ட் பச்சையாக இருந்ததற்கும் இதுதான் காரணம்: டெஸ்டில் சர்வருக்குப் பதிலாக நின்ற உங்கள் போலிப் பொருள் ஒருநாளும் தாமதித்ததில்லை. ஜிஆர்பிசி ஜாவாவில் இன்ப்ராசஸ் சர்வர் (அதே நிரலுக்குள் ஓடுவது) இருக்கிறது. அதற்குள் உண்மையான ஸ்டப்பையே ஓட்டி, பதிவு முடிந்தபின் வேண்டுமென்றே டெட்லைனைத் தாண்ட வையுங்கள். ஒரே டெலிவரிதான் பதிவாகியிருக்க வேண்டும்.

ஈசூன்_இரவுப்பணி

பட்டியலைப் பக்கம் பக்கமாகத் தரும்படி இப்போதே வைத்துவிடுங்கள். ஜாவா கிளையன்ட் சாதாரணமாக 4 எம்பிக்கு மேல் ஒரு செய்தியை வாங்காது. 200 பார்சலுக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் ஆண்டிறுதி விற்பனை நாளில் யாராவது பார்சல் படத்தையும் அதற்குள் திணிப்பார்கள்.

துவாஸ்_பின்தளம்

புரிந்தது. புரோட்டோ கோப்பைத் திறந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. அஞ்சல் குறியீடு இன்ட்32, அதாவது முழு எண்ணாக இருக்கிறது. மரினா பே பக்கத்து முகவரிகளில் 01 என்று தொடங்குவது ஐந்து இலக்கமாகத் திரும்புகிறது. வகையை ஸ்ட்ரிங் (உரை) என்று மாற்றினால் போதுமா?

கிளமெண்டி_அக்கா

அதே புல எண்ணில் (புரோட்டோவில் ஒவ்வொரு புலத்துக்கும் உள்ள எண்) வகையை மாற்றாதீர்கள். இன்ட்32-உம் ஸ்ட்ரிங்கும் அனுப்பும்போது கம்பியில் வேறு வேறு வடிவம், பழைய கிளையன்ட்களுக்கு அந்தப் புலம் காலியாகத் தெரியும். புது எண்ணில் ஸ்ட்ரிங் புலம் ஒன்று சேர்த்து, சர்வர் கொஞ்ச காலம் இரண்டையும் அனுப்பட்டும். 1995 முதல் இங்கே குறியீடு எப்போதும் ஆறு இலக்கம்தான், அதனால் பழைய கிளையன்ட்களில் இடப்பக்கம் பூஜ்யம் நிரப்பி அதுவரை சமாளிக்கலாம். கடைசிக் கிளையன்டும் மாறியபின் பழைய புலத்தை நீக்கி, அதன் எண்ணை ரிசர்வ்டில் (மறுபடி பயன்படுத்தக் கூடாதவற்றின் பட்டியல்) போடுங்கள். இல்லாவிட்டால் யாராவது அதே எண்ணை எடைக்கு எடுத்துக்கொள்வார்கள்.