மலைப்பாதையில் காரின் பாதுகாப்பு வசதிகள்: உங்கள் அனுபவம் என்ன?

குன்னூர் உறுப்பினர்:
ஐப்பசி மழையில் ஒரு மாலை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, பர்லியாரைத் தாண்டிய ஒரு வளைவில், சரிந்த மண்ணும் கல்லும் பாதிச் சாலையை அடைத்துக் கிடந்தன. பிரேக்கை முழு பலத்துடன் மிதித்தேன். மிதி கடகடவென்று அதிர்ந்து பாதத்தைத் திருப்பித் தள்ளியது. ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுக்கத் தோன்றியது, நல்லவேளையாக எடுக்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் அதற்குக் கட்டுப்பட்டு விலகி, மண்மேட்டை ஒட்டி நின்றது. அந்த அதிர்வுதான் ஏ.பி.எஸ். என்னும், சக்கரம் இறுகாமல் காக்கும் பிரேக் அமைப்பு வேலை செய்வதன் அடையாளம் என்று மறுநாள் பணிமனையில் விளக்கினார்கள். சக்கரம் சுழலாமல் இறுகப்போகும் கணத்தில் பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுப் பிடிப்பதால், சக்கரம் தொடர்ந்து உருண்டு, நாம் திருப்பிய பக்கம் செல்கிறது. கார் சீக்கிரம் நின்றுவிடும் என்று இதற்குப் பொருளில்லை. உதிரிக் கற்களின் மேல் நிற்கும் தூரம் கூடவும் செய்யலாம். 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் கட்டாயமாக்கப்பட்ட வசதி இது. ஆனால் மிதி இப்படி அதிரும் என்று சாவியைக் கையில் கொடுத்தபோது எவரும் சொல்லவில்லை.

ஊட்டி உறுப்பினர்:
எங்கள் மைத்துனர் தம் ஆட்டோமேட்டிக் காரில் ஆறு ஏர்பேக் இருக்கும் துணிவில், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில் மசினகுடிக்கு இறங்கினார். கியரை வழக்கமான ஓட்டத்துக்கான 'டி'யிலேயே விட்டுவிட்டு, பிரேக்கில் வைத்த காலை எடுக்கவே இல்லை. பாதி வழியில் கருகல் நாற்றம் வந்தது. அடுத்த சில வளைவுகளில் மிதி பஞ்சுபோல் உள்ளே இறங்கியது. சூட்டில் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டிவிட்டால் அழுத்தம் சக்கரத்தை எட்டாது, ஏ.பி.எஸ். இருந்தும் அங்கே அதற்கு வேலை இல்லை. அகலமான ஓரிடத்தில் ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து நிறுத்தி, அரைமணி நேரம் ஆறவிட்டு, மீதித் தூரம் முழுவதும், என்ஜினே வேகத்தை அடக்கும் 'எல்' என்ற தாழ்ந்த கியரில் இறங்கினோம். டாஷ்போர்டில் கடைசிவரை ஒரு விளக்குகூட எரியவில்லை.

கொடைக்கானல் உறுப்பினர்:
கோடை விடுமுறை நெரிசலில், பெருமாள்மலை ஏற்றத்தில், ஏற்றத்தில் கார் பின்னால் உருளாமல் தடுக்கும் ஹில் ஹோல்டு வசதி பிடித்துக்கொள்ளும் என்று நம்பிப் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு, முன்னால் நின்ற பேருந்து நகரக் காத்திருந்தேன். கார் பின்னால் உருண்டு ஒரு ஸ்கூட்டருக்குச் சாண் தூரத்தில் நின்றது. அந்த வசதி ஏறத்தாழ இரண்டு நொடிதான் பிடிக்குமாம். கையேட்டைப் பிரித்த பிறகே தெரிந்தது.