1864 ஆகஸ்டில் லிங்கனுக்கு வந்த கடிதங்கள்: உங்களை விடாமல் துரத்துவது எது?

மைக்கூடு
ரேமண்ட், ஆகஸ்ட் 22. பின்னணி ஒரு வரியில்: அமெரிக்க உள்நாட்டுப் போர் நடக்குது, நவம்பரில் அதிபர் லிங்கன் மறுபடியும் தேர்தலில் நிற்கிறார். இனி நேரா கடிதத்துக்கு வரேன். கட்சியின் தேசியக் குழுத் தலைவரே தன் வேட்பாளருக்கு எழுதுறார்: காற்று நமக்கு எதிரா வீசுது. இல்லினாய்ஸில் இப்ப தேர்தல் வெச்சா தோல்விதான்னு அந்த மாநில நாடாளுமன்ற உறுப்பினர் வாஷ்பர்ன் சொல்றார். பென்சில்வேனியா நம்ம பக்கம் இல்லைன்னு அங்கத்த கட்சிப் பெரும்புள்ளி கேமரன். நியூயார்க் நாளைக்கே 50,000 வாக்கில் போயிடும், இது ரேமண்டோட சொந்தக் கணக்கு. இதுக்கு அவர் சொல்ற வழிதான் நெஞ்சை அறுக்குது. பிரிஞ்சுபோன தென் மாநிலங்களின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸிடம் தூதுக்குழு அனுப்பணும், அரசியல் சட்டத்தை ஏத்துக்கிட்டா போதும், மற்ற கேள்விகளை எல்லாம் பிறகு ஒரு மாநாட்டில் பார்த்துக்கலாம். ஏறக்குறைய 40 லட்சம் அடிமைகளோட விடுதலை அந்த 'மற்ற கேள்விகளுக்குள்' அடங்கிப்போச்சு! மறுநாளே லிங்கன், தான் தோத்துப்போனா என்ன செய்யணும்னு ஒரு ரகசியக் குறிப்பை எழுதிட்டார். அவரை உடைச்சது இந்தக் கடிதம்தான்.

தாள்மடிப்பு
மைக்கூடு, தேதி இடிக்கிறது. ஆகஸ்ட் 23 குறிப்பின் முதல் வரியிலேயே 'இன்று காலையும், கடந்த சில நாள்களாகவும்' தோல்வியே தெரிகிறது என்று இருக்கிறது. அதே 22ஆம் தேதி நியூயார்க் கட்சிப் பெரும்புள்ளி தர்லோ வீட் எழுதிய கடிதத்தைப் பாருங்கள். மறுதேர்வு நடக்காத காரியம் என்று பத்துப் பதினோரு நாள் முன்பே லிங்கனிடம் சொல்லிவிட்டதாக அதில் எழுதுகிறார். ரேமண்ட் கொண்டுவந்தது புதுச் செய்தி அல்ல. அவரிடம் புதிதாக இருந்தது அந்த விபரீத யோசனை மட்டும்தான்.

நடுக்கரை
எனக்கு அந்தக் குறிப்பின் பின்பக்கம்தான். 7 அமைச்சர்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தேர்தல் நவம்பர் 8இல் முடிந்தது. 11ஆம் தேதி அமைச்சரவையில் அதைத் திறக்கச் சொன்னபோது, விசித்திரமாக ஒட்டியிருந்ததால் வெட்டித்தான் பிரிக்க முடிந்தது என்று லிங்கனின் செயலாளர் ஜான் ஹே நாட்குறிப்பில் எழுதுகிறார்.

பழந்தாள்
ஆகஸ்ட் 24 வரைவு என்னை விடவில்லை. ரேமண்ட் கேட்டபடியே டேவிஸைச் சந்திக்கப் போக ரேமண்டுக்கே உத்தரவு, லிங்கன் கையெழுத்தில். அனுப்பவே இல்லை.

இதைப் படித்துவிட்டு 'லிங்கன் சம்மதித்தார்' என்று எழுதுகிறவர்களுக்காகச் சில விஷயங்கள். லிங்கன் எழுதிய மூலம் அவருடைய தாள்களிலேயே கிடந்தால், அது அனுப்பாததாக இருக்கலாம், வைத்துக்கொண்ட நகலாகவும் இருக்கலாம். பெறுநரின் தாள்களிலும் தேடிப் பார்க்காமல் 'அனுப்பினார்' என்று எழுதாதீர்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் லிங்கன் தாள்களின் தொகுப்பில் பெறுநர் 'லிங்கன்' என்று மட்டும் போட்டுத் தேடினால் மேலே சொன்ன வீட் கடிதம் சிக்காது, ஏனென்றால் அது வெளியுறவு அமைச்சர் சீவர்டுக்கு எழுதியது. அமைச்சர்கள் கைமாற்றிவிட்டவை இப்படி நிறைய உண்டு. அதனால் தேதியை வைத்தும் தேடுங்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் உள்ள பக்கப் படங்களில் கடைசிப் படத்தையும் தவறாமல் திறங்கள். மடித்த கடிதத்தின் முதுகில் அனுப்பியவர் பெயர், தேதி, சில சமயம் ஒரு வரிச் சாரம் இருக்கும். அது பெரும்பாலும் செயலாளர்களின் கை. லிங்கனின் கருத்தாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தேதிக்குப் பின்னால் 'இன்ஸ்ட்' என்றிருந்தால் அதே மாதம், 'அல்ட்' என்றால் போன மாதம். இதைக் கவனிக்காவிட்டால் எதற்கு எது பதில் என்பதே தலைகீழாகிவிடும். இரட்டை எஸ் வரும் இடத்தில் முதல் எஸ் எஃப் மாதிரி நீண்டிருக்கும், பெயர்களைப் படிக்கும்போது தடுக்கி விழுவது அங்கேதான். ஒப்பிட்டுச் சரிபார்க்க, இல்லினாய்ஸின் நாக்ஸ் கல்லூரிக்காரர்கள் தட்டச்சு செய்த படிகள் பல கடிதங்களுக்கு இருக்கின்றன.

தாள்மடிப்பு
அந்த வரைவு எழுதிய மறுநாளே லிங்கனும் சில அமைச்சர்களும் ரேமண்டை நேரில் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள். தெற்கின் தலைநகரான ரிச்மண்டுக்குத் தூது போவது தேர்தலில் தோற்பதைவிடக் கேவலம், போட்டியை முன்கூட்டியே ஒப்புக்கொடுப்பது என்று முடிவானதாக லிங்கனின் செயலாளர்கள் நிக்கோலேவும் ஹேயும் பதிந்திருக்கிறார்கள்.

ஈயப்பேனா
எல்லாரும் கட்சிக்காரர்கள் கடிதத்தையே பேசுறீங்க. அடிமையாப் பிறந்து தப்பி வந்து அடிமை முறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெட்ரிக் டக்ளஸ், ஆகஸ்ட் 29. பத்து நாள் முன்னால லிங்கன் அவரைக் கூப்பிட்டு, தோத்துப்போறதுக்குள்ள தெற்கிலிருந்து எத்தனை அடிமைகளை வெளியே கொண்டுவர முடியும்னு கேட்டதுக்கு வந்த பதில் இது. ஒரு பொது முகவர், அவருக்குக் கீழே 20, 25 பேர், படைத்தலைவர்கள் தடுக்காமலிருக்க அனுமதி, நாள் கூலி 2 டாலருக்கு மேல் போகாது. வாக்கைப் பத்தி ஒரு கணக்கும் அந்தத் திட்டத்தில் இல்லை. செப்டம்பர் 2இல் தெற்கின் அட்லாண்டா நகரம் லிங்கன் படைகளிடம் விழுந்தது, தேர்தல் அவர் பக்கம் திரும்பிடுச்சு, அதுக்கப்புறம் திட்டத்துக்குத் தேவையே வரலை. ரேமண்ட் கடிதத்தை எடுக்கிறவங்க இதையும் பக்கத்தில் வெச்சுப் படிங்க.