ஏலம் போன கார்கோவின் மிச்சப் பணம் யாருக்கு?

துவாஸ் குமாஸ்தா:
மணப்பாறை மைந்தன் நேற்று இன்னொரு இழையில் இப்படி எழுதியிருந்தார்: “கஸ்டம்ஸில் மாட்டினால் போச்சு. ஏலம் விட்டு முழுப் பணத்தையும் அரசாங்கமே எடுத்துக்கொள்ளும். சென்னையோ சிங்கப்பூரோ, எல்லாம் ஒன்றுதான்.” அதற்கு ஏகப்பட்ட விருப்பக்குறிகள் வேறு. சரக்குப் பத்திரம் எழுதியே பிழைக்கிற எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

இந்திய சுங்கச் சட்டம், 1962, பிரிவு 48. இறக்கி 30 நாளாகியும் யாரும் எடுக்காத சரக்கை, உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, கஸ்டம்ஸ் அனுமதியோடு விற்கலாம். விற்ற பணம் யார் யாருக்கு என்று பிரிவு 150 வரிசை போட்டிருக்கிறது. முதலில் ஏலச் செலவு, அப்புறம் கப்பல் கூலி, அப்புறம் வரி, அப்புறம் கிடங்குக் கட்டணம், அரசுக்கு வேறு பாக்கி இருந்தால் அது. மிச்சம் உரிமையாளருக்கு. உரிமையாளருக்குத்தான்!

மணப்பாறை மைந்தன்:
பிரிவு எண்ணெல்லாம் நன்றாக ஒப்பிக்கிறீர்கள். என் மாமா வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனபோது டிவி, வாஷிங் மெஷின், பாத்திரம் எல்லாவற்றையும் கடல் கார்கோவில் போட்டார். சென்னையில் இறங்கியதோடு சரி. ஏஜெண்ட் போனையே எடுக்கவில்லை. கடைசியில் ஏலம் போய்விட்டது என்றார்கள். மிச்சம் எங்கே ஐயா? ஒரு பைசா வரவில்லை.

துவாஸ் குமாஸ்தா:
வந்திருக்காது. கிடங்கு வாடகை நாள் கணக்கில் ஏறிக்கொண்டே போகும். பழைய வாஷிங் மெஷினுக்கு ஏலத்தில் என்ன பெரிதாகக் கிடைத்துவிடும்? கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவருக்குச் சோறு மிஞ்சவில்லை, அவ்வளவுதான். அதை அரசாங்கம் சுருட்டிவிட்டது என்று எழுதுவது அநியாயம். உங்கள் கோபம் அந்த ஏஜெண்ட் மேல் இருக்க வேண்டும்.

மணப்பாறை மைந்தன்:
ஆக, ஒரு பைசா வரவில்லை. நான் சொன்னதும் அதைத்தானே?

ஈசூன் அக்கா:
தம்பிகளா, விற்பதுதான் வழி என்று யார் சொன்னது? 2020 ஆகஸ்டில் இங்கே சிங்கப்பூரில் 9 டன் யானைத் தந்தத்தை இயந்திரத்தில் போட்டு நொறுக்கி, அப்புறம் எரித்தார்கள். யாருக்கும் மிச்சமில்லை, சண்டையும் இல்லை.

பாசிர் ரிஸ்காரன்:
மதிப்பு 18 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி! விற்று முதியோர் இல்லம் கட்டியிருக்கலாம். எரிப்பதில் என்ன பெருமை?

ஈசூன் அக்கா:
யாருக்கு விற்பீர்கள்? 2019 ஜூலையில் பிடித்த 8.8 டன்னுக்கு மட்டும் கிட்டத்தட்ட 300 யானைகள் செத்திருக்கின்றன. அரசாங்கமே விற்றால் திருடனுக்கும் தைரியம் வந்துவிடும். கள்ள சிகரெட்டையும் விற்கலாமே என்று போன மாதம் எழுதியவர்தானே நீங்கள்? அப்போதும் பதில் சொல்லாமல் ஓடிப்போனீர்கள்.

பாசிர் ரிஸ்காரன்:
ஓடவில்லை. இரவு ஷிஃப்ட். எல்லாரும் உங்களைப் போல வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செய்ய முடியுமா?

ஈசூன் அக்கா:
வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று உங்களிடம் யார் சொன்னது? மரியாதையாகப் பேசுங்கள்.

துவாஸ் குமாஸ்தா:
தந்தத்தை ஏன் இழுக்கிறீர்கள்? அது பறிமுதல். மாமாவின் வாஷிங் மெஷின் யாரும் எடுக்காத சரக்கு. பறிமுதலானது அரசுக்கே சொந்தம் என்று சென்னையில் பிரிவு 126 சொல்கிறது. பிரிவு 150 பறிமுதல் சரக்குக்குப் பொருந்தவே பொருந்தாது.

இன்னொன்று. பிடித்தாலே போச்சு என்பதும் தவறு. 2014-இல் இங்கே ஜூரோங் துறைமுகத்தில் மடகாஸ்கர் ரோஸ்வுட் கிட்டத்தட்ட 30,000 கட்டைகள் பிடிபட்டன. 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இறக்குமதி செய்தவர்களை விடுதலை செய்துவிட்டது.

மணப்பாறை மைந்தன்:
என் மாமா மரக்கட்டை அனுப்பவில்லை. வாஷிங் மெஷின் அனுப்பினார். ஒரு பைசா வரவில்லை.

பாசிர் ரிஸ்காரன்:
பறிமுதல் செய்து வைத்து மட்டும் என்ன கிழித்தார்கள்? 2015-இல் சென்னை கஸ்டம்ஸ் பிடித்த அம்மோனியம் நைட்ரேட், சுமார் 700 டன், மணலியில் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அதே ரசாயனத்தால் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான் அது லாரி ஏறி ஹைதராபாத் பக்கம் போனது. என் சின்னம்மா வீடு மணலியில் இருக்கிறது. அந்த வாரம் எங்கள் குடும்பத்தில் யாரும் தூங்கவில்லை. சட்டம், வரிசை என்று பேசுகிற குமாஸ்தா இதற்குப் பதில் சொல்லட்டும்.

துவாஸ் குமாஸ்தா:
தாமதம் கொடுமைதான். வெடிக்கிற சரக்கைக் குடியிருப்புப் பக்கத்தில் வருஷக்கணக்காக வைத்திருந்ததை நான் எங்கே நியாயப்படுத்தினேன்? என் பேச்சு மிச்சப் பணத்தைப் பற்றி. யார் எதைக் கொண்டுவந்து போட்டாலும் அங்கேதான் வருவேன்.

மைந்தன், கேளுங்கள். விற்ற தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள், அல்லது ஆணையர் நீட்டித்துத் தருகிற காலத்துக்குள், உரிமையாளரிடம் சேர்க்க முடியாத மிச்சம்தான் மத்திய அரசுக்குப் போகும். அதனால் மாமாவை எழுதச் சொல்லுங்கள்: ஏலத் தொகை எவ்வளவு, எதற்கு எவ்வளவு பிடித்தார்கள், நோட்டீஸ் எந்த விலாசத்துக்குப் போனது. ஊருக்குப் போகிறவர்கள் பலர் இங்கே இருந்த பழைய விலாசத்தையே எழுதிக் கொடுக்கிறார்கள். நோட்டீஸ் இங்கே வந்து திரும்பிப் போகிறது.

மணப்பாறை மைந்தன்:
பார்த்தீர்களா மக்களே? “மத்திய அரசுக்குப் போகும்.” அவரே எழுதிவிட்டார்!

துவாஸ் குமாஸ்தா:
ஆறு மாதத்துக்குள் சேர்க்க முடியாவிட்டால்! பாதி வாக்கியத்தை மட்டும் எடுத்துப் போடாதீர்கள்.

ஈசூன் அக்கா:
பாசிர் ரிஸ்காரர் இன்னும் என்னிடம் மன்னிப்பு கேட்கவில்லை.

பாசிர் ரிஸ்காரன்:
கேட்க மாட்டேன். 18 மில்லியன் வெள்ளிக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

மணப்பாறை மைந்தன்:
மாமாவுக்கு இந்த இழையை அனுப்பிவிட்டேன். “அந்தக் குமாஸ்தா எந்த கார்கோ கம்பெனி ஆள்?” என்று கேட்கிறார்.

துவாஸ் குமாஸ்தா:
நான் எந்த கார்கோ கம்பெனி ஆளும் இல்லை. ஏல நோட்டீஸ் மாமாவிடம் இருக்கிறதா, இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள்.