ரோமிங்குக்கு "அயல்வலை": ஒரு முன்மொழிவு

குழுவினருக்கு வணக்கம்.

நம் சிம் வேறொரு நிறுவனத்தின் கோபுரத்தில் இயங்குவதை "ரோமிங்" என்கிறோமே, அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் குழுவில் இதுவரை வந்திருப்பவை அலைவு, உலாவல், நாடோடி இணைப்பு, தங்குவலை. எனக்கு நான்கிலும் உடன்பாடில்லை. உலாவி என்ற சொல் பிரவுசருக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. "தரவு உலாவல்" என்று போனில் போட்டால் இணையம் பார்ப்பது என்றுதான் படிப்பார்கள். அலைவு இயற்பியலில் ஊசலுக்குச் சொந்தம். தங்குவலை சொன்ன பரமக்குடி அண்ணன் அதைப் பாம்பனில் வந்து சொல்லிப் பார்க்கட்டும். கேட்பவர் காதில் அது மீன்பிடிக்கும் தங்கூசி வலை என்றே விழும்.

இதையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்று. அலைவு, உலாவல், நாடோடி மூன்றும் ஆள் நகர்வதைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ரோமிங் ஆவதற்கு ஆள் நகரவே வேண்டாம். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றுகொண்டிருந்தாலே போதும். அங்கிருந்து இலங்கையின் தலைமன்னார் ஏறத்தாழ 30 கி.மீ.; நடுவில் கடலைத் தவிர மறைப்பு ஏதும் இல்லை. சர்வதேச ரோமிங் திறந்த சிம்மாக இருந்து, நம் பக்கத்துச் சிக்னல் மங்கினால், போன் இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். மணலில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இலங்கைக் கட்டண விவரம் குறுஞ்செய்தியாக வந்து விழும். இவர் எங்கே அலைந்தார்?

உள்ளே நடப்பது இதுதான். ஒவ்வொரு சிம்மிலும் ஓர் அடையாள எண் உண்டு. அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405. இலங்கைக்கு 413. கோபுரமும் தன் நாட்டு எண்ணை ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது. 404-க்காரர் 413 கோபுரத்தில் ஒதுங்கும்போது, அந்தக் கோபுரத்துக்காரர் நம் நிறுவனத்திடம் "இவர் உங்கள் ஆள்தானா, செலவுக்கு நீங்கள் பொறுப்பா" என்று விசாரிக்கிறார். ஆம் என்று பதில் வந்தால்தான் இணைப்பு. ஆக, ரோமிங் என்பது பயணத்தின் பெயரே அல்ல. அடுத்தவர் வலையில் (நெட்வொர்க்கில்), நம் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கும் நிலையின் பெயர். அதனால் "அயல்வலை" என்கிறேன். அயல்வலைக் கட்டணம், அயல்வலைத் தரவு, "அயல்வலையில் உள்ளீர்கள்" என்று எப்படி வளைத்தாலும் சொல் ஒடியவில்லை.

இதில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், நாலு நாள் கொழும்புக்கோ துபாய்க்கோ போகிறவர்களுக்கு நம் ஊரில் எல்லோரும் சொல்லி அனுப்பும் அறிவுரை "ரோமிங்கை அணைத்து வை" என்பதே. ஊர் சிம்மைப் பொறுத்தவரை சரியான பேச்சு. ஆனால் இப்போது பலரும் வாங்குவது பயண ஈசிம், அதாவது அட்டையில்லாத சிம். க்யூஆர் குறியை வருடினால் போனுக்குள் இறங்கிவிடுகிறது, கடை தேட வேண்டாம். அந்த ஈசிம் பெரும்பாலும் நாம் போகும் நாட்டினுடையது அல்ல. மூன்றாவது நாட்டு நிறுவனம் ஒன்று வழங்கியதாக இருக்கும். அதுவும் அங்கே அயல்வலையில்தான் ஓடுகிறது! அதற்கு டேட்டா ரோமிங்கைத் திறந்தே வைக்க வேண்டும், ஊர் சிம்முக்கு மட்டும் அணைக்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் இரண்டையும் அணைத்துவிட்டு, காசு போய்விட்டது என்று விமான நிலையத்தில் புலம்புகிறவர்கள் உண்டு. "ரோமிங் என்றால் ஊர் சிம்முக்கு வெளிநாட்டில் எகிறும் பில்" என்று மனதில் பதிந்துபோனதால் வந்த வினை.

சொல்லோடு நில்லாமல் ஒன்று: ஊர் சிம்மில் டேட்டாவை மட்டும் அணையுங்கள், சிம்மையே அணைக்காதீர்கள். வங்கி ஓடிபி அதில்தான் வரும்.

— இராமேசுவரம்

*

தம்பி, கீழக்கரையிலிருந்து ராத்தா எழுதுகிறேன்.

அயல்வலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ஒற்றைச் சொல்லாக விடாதீர்கள், அதற்கு இணை வேண்டும். சிம் எந்த நிறுவனத்துடையதோ அதைத் "தாய்வலை" என்று வைப்போம். போன மாதம் உம்ராவுக்குப் போன எங்கள் வீட்டாருக்கு இதை விளக்க நான் பட்ட பாடு! ஊர் சிம்மில் ரோமிங் பேக் போட்டவர்கள் "இவ்வளவு காசு கொடுத்தும் மெதுவாக இருக்கிறதே" என்றார்கள். மக்காவில் இருந்து தேடினாலும் தரவு வழக்கமாக இந்தியாவுக்கு வந்து, தாய்வலை வழியாகத்தான் இணையத்துக்குப் போகிறது. சுற்றுவழி, தாமதம். அதே காரணத்தால் இணையதளங்களுக்கு இந்திய இணைய முகவரிதான் (ஐபி) தெரியும். உள்ளூர் சிம்முக்கு இந்தச் சுற்று இல்லை, ஆனால் சவூதியில் அதற்கு வழக்கமாகக் கைரேகை பதிய வேண்டும். வயதானவர்களை அழைத்துக்கொண்டு வரிசையில் நிற்க யாருக்குத் தெம்பு? நான் அவர்களுக்கு ஊர் சிம் பேக்கே போதும் என்றேன். சின்னப் பிள்ளைகளுக்கு ஈசிம்.

பேக்கில் "ஒரு நாள்" என்பதையும் யாராவது தமிழில் தெளிவாக்குங்கள். சிலவற்றில் முதல் பயன்பாட்டிலிருந்து 24 மணி நேரம், சிலவற்றில் நள்ளிரவோடு முடிகிறது. "நாள்" என்று மட்டும் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

ஒரு சந்தேகம். நெட்வொர்க்குக்குப் "பிணையம்" என்று பலர் எழுதுகிறார்களே, "அயல்பிணையம்" ஆக வேண்டாமா?

*

ராத்தா, தாய்வலையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சொன்ன சுற்றுவழியை இந்த இரண்டு சொல்லை வைத்து ஒரே வரியில் எழுதிவிடலாம்: "அயல்வலையில் ஏறும் தரவு தாய்வலையில் இறங்கும்."

பிணையம் நல்ல சொல்தான், சென்னையில் அது செல்லும். எங்கள் தெருவில் பிணை என்று ஆரம்பித்தாலே இலங்கையில் பிடிபட்ட நம் மீனவர்களில் ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் இன்றைக்கு யாருக்கு ஜாமீன் கிடைத்தது என்றுதான் கேட்பார்கள்.

நாளுக்கு "24 மணிநேரத் திட்டம்", "நள்ளிரவுவரைத் திட்டம்" என்று பிரிக்கலாமா? இரண்டாவது கொஞ்சம் நீளம். அதிலும் எந்த ஊர் நள்ளிரவு என்ற கேள்வி இருக்கிறது. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். இதைவிடக் குறுக்கிச் சொல்ல முடிந்தவர்கள் எழுதுங்கள். அயல்வலை, தாய்வலை இரண்டையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.